சிவப்புத் துணி கட்டிய குடம்

அறுபத்து நான்கு வயது வரை நான் மதுரைக்குத் தெற்கே போனதில்லை. போகும் தேவை எழவில்லை. மயிலாடுதுறையில் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வெளியூருக்குப் போவதென்றால் யாரேனும் முறையாக அழைத்திருப்பார்கள். நிலையத்தில் கார் நிற்கும். மேடையும் நாற்காலியும் காத்திருக்கும். அழைப்பில்லாமல் ஓர் ஊருக்குப் போய் நிற்பது எனக்குப் பழக்கமில்லாத செயல். இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு புரட்டாசி மாதத்தில் அப்படி ஒரு பயணம் நேர்ந்தது. அதில் நான் பெற்றவற்றை நன்றியுடன் எழுதிவைக்க விரும்புகிறேன்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். என் ஒரே மகள் திலகவதி மருத்துவர். ஏழாயிரம்பண்ணைக்கு அருகில் ஒரு கிராமத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் பணியில் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சுற்றிலும் பட்டாசுத் தொழிற்சாலைகள். காலையில் செய்தித்தாளைப் பிரிக்கவே என் மனைவி அஞ்சினாள். இந்நிலையில், சுகாதாரத் துறையில் பொறுப்பிலிருந்த என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் ஊருக்கருகே ஒரு மருத்துவமனையில் இடம் காலியாகிறது, திலகவதி விருப்பம் தெரிவித்தால் போதும் என்றார். அவளிடம் சொன்னேன். "பார்க்கலாம்பா" என்றாள். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டு, தீபாவளிக்குள் மகள் வந்துவிடுவாள் என்று உறவினர்களிடமும் கல்லூரி நண்பர்களிடமும் அறிவித்தும் விட்டேன். சொன்ன சொல் மாறாதவர் என்ற பெயர் எனக்கு ஊரில் உண்டு. அந்தப் பெயரைக் காத்துக்கொள்ளவும், மகளைக் கையோடு அழைத்துவரவும் புறப்பட்டேன்.

விருதுநகரில் இறங்கியதும் எனக்கு வரவேற்பளித்தது தும்மல். மிளகாய் வற்றல் மூட்டைகள் வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் எவரும் தும்மவில்லை. நான் மட்டும் கைக்குட்டையும் கையுமாக நடந்தேன். ஓர் உணவகத்தில் நுழைந்து இட்லி இருக்கிறதா என்று கேட்டேன். மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"இட்டிலி காலையோட தீந்துபோச்சு சார். பரோட்டா இருக்கு. எண்ணெயில முக்கி எடுத்தது. சால்னா ஊத்தவா?"

நான் சைவம் என்றேன்.

"அப்ப சீனி போட்டுத் தாரேன். எங்க அய்யாவும் சைவந்தான், செவ்வாக்கெழம மட்டும்."

முறுகிச் சிவந்த பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, மேலே சர்க்கரை தூவிக் கொடுத்தார். பொது இடத்தில் இப்படியொரு பண்டத்தை நான் உண்பதை என் முன்னாள் மாணவர் எவரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலையோடு முதல் வாயை வைத்தேன். இரண்டாம் வாயில் கவலை மறந்துபோயிற்று. இன்னொன்று கேட்டு வாங்கி உண்டேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

வழி கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. படித்தவனுக்குப் பலகை போதும் என்பது என் எண்ணம். பலகையைப் பார்த்து ஒரு பேருந்தில் ஏறினேன். அது சாத்தூர் வழியே போவதற்குப் பதிலாக என்னைத் திருத்தங்கலுக்குக் கொண்டுசேர்த்தது. நாள்காட்டிக் கட்டுகளும் அச்சுக் காகித வாசனையுமாக வண்டி நிறைந்திருந்தது. பயணச்சீட்டுக்கு ஊர் கேட்ட நடத்துநர், "ஏறும்போது ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா பெரியவரே? வாயத் தொறந்து கேட்டா காசா கேக்கப் போறேன்?" என்றார். வண்டி முழுவதும் கேட்கும்படி சொன்னார். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் சன்னலுக்கு வெளியே, பார்க்க ஒன்றுமில்லாத கரிசல் காட்டைப் பார்த்தேன்.

சிவகாசியில் மாறி ஏறிய பேருந்து, ஊர் எட்டாத இடத்தில் அச்சு முறிந்து நின்றது. எங்கள் பக்கத்தில் பேருந்து நின்றுபோனால், இறங்கி நிற்க ஒரு வாய்க்காலும் அதன் கரையில் ஒரு மரமும் கட்டாயம் இருக்கும். இங்கே வானத்தைத் தவிர வேறு கூரையில்லை. அப்போது ஒரு தொழிற்சாலை வேன், வேலை முடித்துத் திரும்பும் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் நிறுத்தி, "பெரியவர் மட்டும் ஏறிக்கிடுங்க" என்றார்.

உள்ளே இருந்த பெண்களின் கைகள் முழங்கை வரை வெள்ளிப் பூச்சுப் பூசியவை போல் மின்னின. அலுமினியப் பொடியாம். எத்தனை கழுவினாலும் சீசன் முடியும் வரை போகாதாம். எனக்கு இடம் ஒதுக்கித் தந்தார்கள். என் வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தேன். எதிரே இருந்த பேச்சியம்மாள் என்னும் நடுவயதுப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேட்டி வெளுப்பா இருக்குன்னு ஒதுங்கி இருக்கீகளாக்கும்."

அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

"இல்லாட்டி என்ன. இந்தச் சில்வரு ஒட்டிக்கிட்டா ஒங்களையும் புதுப் பாத்திரம்னு வெலைக்குக் கேப்பாக. எங்கன போறீக?"

மகளின் பெயரைச் சொன்னேன். வேனில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "டாக்டரம்மாவோட அய்யாவா?" "அதான பாத்தேன், அந்த மூக்கு எங்கனயோ பாத்த மூக்கா இருக்கேன்னு." முப்பதாண்டுகளாக என் பெயருக்கு முன்னால் இருந்த பேராசிரியர் என்ற சொல்லுக்கு அந்த வேனில் இடம் கிடைக்கவில்லை. நான் டாக்டரம்மாவின் அப்பா. இறங்கும் வரைக்கும், அதன் பிறகும் அவ்வளவே.

திலகவதி வேல்தாய் என்பவரின் வீட்டு முன்னறையில் குடியிருந்தாள். வேல்தாயும் அவர் கணவரும் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர்கள். வாசற்படியின் ஓரத்தில், நிழலில், ஒரு பெரிய பிளாஸ்டிக் குடம் இருந்தது. கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, வாயைத் தட்டால் மூடி, மேலே ஒரு செம்பைக் கவிழ்த்திருந்தார்கள். வரும் விருந்தினர் கால் கழுவ வாசலில் நீர் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இவர்களும் மரியாதை தெரிந்தவர்கள் என்று மனத்துக்குள் பாராட்டிக்கொண்டு, தூசி போகக் கால் கழுவினேன். முகம் கழுவினேன். வாய் கொப்பளித்தேன். செம்பு செம்பாக நீரை மொண்டேன்.

"வாங்கய்யா, வாங்க. நடந்தா வந்தீக?" என்று உள்ளிருந்து வந்த வேல்தாய் ஒரு கணம் குடத்தைப் பார்த்தார். பிறகு, "வெயில்ல வந்திருக்கீக. மொதல்ல காப்பியக் குடிங்க" என்றார். கருப்பட்டிக் காப்பி. எங்கள் ஊர் டிகிரி காப்பியோடு அதை ஒப்பிட்டுக் குறை காணத்தான் தொடங்கினேன். தம்ளரின் அடிவரை குடித்த பின் குறையின் சுவடு தெரியவில்லை.

பணி முடிந்து வந்த திலகவதி கறுத்து, மெலிந்து இருந்தாள். சோறும் சீனியவரைக்காய்ப் பொரியலும் வைத்துச் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் அது கொத்தவரங்காய். இடமாறுதல் பேச்சை எடுத்தேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்னார். சரின்னு சொல்லிடட்டுமா?"

"வந்ததும் வராததுமா ஏம்பா. ரெண்டு நாள் இருங்க. அப்புறம் பேசுவோம்."

"பேச என்ன இருக்கு?"

"இருக்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்கு மோர் ஊற்றினாள்.

மறுநாள் விடிவதற்குள் வேல்தாய் வீட்டார் வேன் ஏறிவிட்டார்கள். திலகவதியையும் ஒரு பிரசவத்துக்காக யாரோ வந்து அழைத்துப் போய்விட்டார்கள். கொல்லையில் பீப்பாயில் நீர் இருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீர். சோப்பை எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை; உடம்பில் மெழுகு போல் ஒட்டியது. வாயில் பட்டதும் உப்பு. காவிரி பொய்த்த ஆண்டுகளிலும் எங்கள் வீட்டுக் கிணறு என்னை இப்படி அவமதித்ததில்லை. வாசலில் இருந்த குடம் நினைவுக்கு வந்தது. அதைத் தூக்கிவந்து, மிச்சமிருந்த நல்ல நீர் முழுவதையும் ஊற்றித் திருப்தியாகக் குளித்தேன். சிவப்புத் துணியை முன்பு இருந்தபடியே கட்டி, குடத்தை அதன் இடத்தில் வைத்தேன். பிறர் பொருளை எடுத்தால் ஒழுங்காகத் திருப்பி வைக்க வேண்டும் என்பது என் கொள்கை.

அன்று காலை சுகாதார நிலையத்தின் வெளி வராந்தாவில் ஒரு பெஞ்சியில் அமர்ந்து மகளின் வேலையைப் பார்த்தேன். கூட்டம் அடங்கவில்லை. கையில் சூடுபட்டுக் கொப்புளம் கண்ட ஓர் ஆளை மனைவி அழைத்து வந்திருந்தாள். உள்ளிருந்து திலகவதியின் குரல் கேட்டது.

"எங்கன பட்டுச்சு? எம்புட்டு நேரமாச்சு? தண்ணி ஊத்துனீகளா?"

"ஊத்துனோம் தாயி. குடம் முடிய ஊத்துனோம்."

"மாவு, மை எதுவும் அப்பலையே?"

"சத்தியமா இல்ல. எங்க அத்த பேனா மைப்புட்டியத் தூக்கிட்டு வந்துச்சு. நாந்தான் ஏசி வெரட்டுனேன்."

"நல்ல காரியம் பண்ணீக. இல்லாட்டி இந்நேரம் நான் உங்க ரெண்டு பேரையும் ஏசிக்கிட்டிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் மகள் பேசிய தமிழ் எனக்கு அந்நியமாக இருந்தது. மேடையில் பிழையின்றிப் பேச அவளுக்கு நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். போட்டிகளில் கோப்பை வாங்கியிருக்கிறாள். அந்தக் குரலில் நான் கேட்டறியாத ஓர் உரிமை இப்போது இருந்தது. அவள் வேறு நாட்டுக்குக் குடிபோய்விட்டாள் என்றும், அதற்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லை என்றும் தோன்றிற்று. வருத்தம் வந்தது. அதைவிட ஊரில் சொல்லிவைத்தது நினைவுக்கு வந்து உறுத்தியது.

மாலையில் வேலை முடிந்து வந்த வேல்தாய், வாசலில் குடத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். எடையில்லாமல் மேலே வந்தது. என்னைப் பார்க்கவில்லை. குடத்தைக் கவிழ்த்து வைத்து, சிவப்புத் துணியை அவிழ்த்துக் கொடியில் போட்டார். வீட்டு வேலைகளில் ஒன்று என்று எண்ணி நான் செய்தித்தாளைத் தொடர்ந்தேன்.

சற்று நேரத்தில் எதிர் வீட்டிலிருந்து ஓர் அலறல். வேனில் என்னிடம் பேசிய பேச்சியம்மாளின் வீடு அது. கஞ்சி வடித்த பானை நழுவி, கொதிக்கும் கஞ்சி முழுவதும் அவர் காலில் கொட்டிவிட்டது. நான் எழுவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. ஆனால் நான் அஞ்சியது போல் ஒருவரும் கூச்சலிட்டு நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு வாசல் ஓரத்திலிருந்து ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். எல்லாக் குடங்களின் கழுத்திலும் சிவப்புத் துணி.

பேச்சியம்மாளைப் படியில் உட்காரவைத்து, ஒருத்தி காலைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி செம்பால் மொண்டு மெல்ல ஊற்றினாள். ஒரு குடம் தீர்ந்ததும் அடுத்த குடம் முன்னால் வந்தது. "அவசரப்படாத. டாக்டரம்மா சொன்ன மாதிரி நிதானமா ஊத்து." "கொலுச அவுரு மொதல்ல, வீங்கிக்கிரும்." பள்ளிக்கூடப் பாடம் போல் அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது.

பேச்சியம்மாளின் கண்ணில் நீர் வழிந்தது. வாய் மட்டும் ஓயவில்லை. "இத்தன வருசமா வெடிமருந்துக்குள்ள கெடக்கேன், ஒரு பொறி மேல பட்டதில்ல. வீட்டுக் கஞ்சி சுட்டுப்புட்டுதே. வெளிய சொன்னா சிரிப்பாக."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் குடம் கால் கழுவ வைத்ததல்ல. குடிக்கவோ சமைக்கவோ வைத்ததுமல்ல. எந்த வீட்டில் எவர் மேல் தீ பட்டாலும் உடனே ஊற்றுவதற்கென்று, நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் அந்தத் தெருவில், ஒவ்வொரு வீடும் தன் பங்கில் ஒரு குடத்தைத் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தது. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவள் என் மகள். அவள் குடியிருந்த வீட்டுக் குடத்தில்தான் நான் சோப்புப் போட்டுக் குளித்திருந்தேன்.

வேல்தாய் மட்டும் வெறுங்கையோடு நின்றார். அதைக் கவனிக்காமலிருக்க அந்தத் தெருவுக்குக் கண்ணில்லாமல் இல்லை.

"ஏ மதினி, ஒங்க வீட்டுக் குடம் எங்க?" என்றாள் ஒருத்தி.

"காலையிலதான் பாசி புடிச்சிருக்குன்னு களுவிக் கவுத்தேன்" என்றார் வேல்தாய்.

"தண்ணி வாரதுக்கு முந்தியா களுவுவாக? டாக்டரம்மா இருக்குற வீட்டுலயே குடம் இல்லன்னா, எங்களுக்கு எதுக்கு இந்த வேசம்?"

"நல்லாக் கேளு. போன மாசம் எங்க வீட்டுக் குடம் கால்வாசி கொறைஞ்சிருக்குன்னு இவ எம்புட்டுப் பேச்சுப் பேசுனா."

வேல்தாய் தலையைக் குனிந்துகொண்டார். பகலெல்லாம் வெடி மருந்தில் உழைத்து வந்த ஒரு பெண், தம் தெருவில் தமக்கிருந்த பெயரை ஒரே மாலையில் இழந்துகொண்டிருந்தார். விருந்தினன் ஒருவனின் பெயர் கெடாதிருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. என் மதிப்பை நான் காத்துக்கொண்ட விதங்கள் பல. பிறர் ஒருவர் தம் மதிப்பைக் கொடுத்து அதைக் காப்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அந்த நேரத்தில் சுகாதார நிலையத்திலிருந்து திலகவதியும் ஓடிவந்து சேர்ந்தாள். அவள் முன்னிலையில் பேசாமல் இருந்துவிடலாம். வேல்தாயைப் பிறகு தனியே பார்த்து வருத்தம் தெரிவிக்கலாம். நாகரிகமான வழி அதுதான் என்று என் மனம் எனக்கு எடுத்துரைத்தது. ஆயிரம் பேர் முன்னிலையில் பேசியவன் நான். அந்த இருபது முப்பது பெண்களின் முன்னால் நாக்கு எழவில்லை. முயன்று எழுப்பினேன்.

"அந்த அம்மாள் மேல் தவறில்லை. குடத்திலிருந்த தண்ணீரை நான்தான் எடுத்தேன். எதற்கென்று தெரியாமல் குளித்துவிட்டேன்."

திலகவதி என்னைப் பார்த்தாள். ஊற்றிக்கொண்டிருந்தவள் செம்பை நிறுத்தவில்லை. தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. அதன் நடுவே, படியில் காலை நீட்டியிருந்த பேச்சியம்மாளின் குரல் எழுந்தது.

"குளிச்சது இருக்கட்டும்யா. நொர வந்துச்சா?"

"வந்தது" என்றேன்.

முதலில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தெருவே சிரித்தது. காலைப் பிடித்திருந்தவளும் சிரித்தாள். வேல்தாய் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடைசியில் என் மகளும் சிரித்தாள். கூட்டத்தின் சிரிப்புக்கு நான் ஆளானது வாழ்வில் அதுவே முதல் முறை. இறந்துபோய்விடுவேன் என்று எண்ணியிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மாறாக, கழுத்துப் பட்டையைத் தளர்த்தியது போல் மூச்சு எளிதாக வந்தது.

அடுத்த நாள் காலை பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி வரும் என்றார்கள். குடத்தை நானே நிறைத்து வருவேன் என்றேன். "வேண்டாம்யா, நல்லா இருக்காது. பொம்பளைக நிக்குற எடம்" என்று வேல்தாய் தடுத்தார். திலகவதி தடுக்கவில்லை.

லாரி நிற்கும் இடத்தில் ஆட்களுக்கு முன்பே குடங்கள் வரிசையில் நின்றன. உரியவள் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பாள்; குடம் அவளுக்காக நிற்கும்; அதை ஒருவரும் நகர்த்துவதில்லை. முன்னால் சிறிது இடம் இருக்கக் கண்டு என் குடத்தை அங்கே வைத்தேன். கட்டுப்போட்ட காலோடு ஒரு கல்லின் மேல் அமர்ந்து மேற்பார்வை செய்துகொண்டிருந்த பேச்சியம்மாள் விடவில்லை.

"அய்யா, மேடைன்னா ஒங்களுக்கு மொத நாக்காலி. லாரிக்குக் கடைசிக் குடம். பின்னால போங்க."

போனேன். வெயில் ஏறியது. முப்பதாண்டுகள் பற்றாக்குறை என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் கீழே கோடு இழுத்தவன் நான். அதற்கு இவ்வளவு வெப்பம் உண்டு என்று எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். "டாக்டரம்மாவக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீகளாமே."

செய்தி எப்படிப் பரவியதோ. "ஆம்" என்றேன்.

"கூட்டிட்டுப் போங்க. பெத்தவுகளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்."

"வாரவுக எல்லாரும் போறவுகதான்" என்றாள் இன்னொருத்தி. "முந்தி இருந்தவருக்கு எங்க தெரு எந்தப் பக்கம்னே தெரியாது. இந்தப் பொண்ணு வீட்டுக்கு வீடு வந்து குடத்தத் தட்டித் தட்டிப் பாத்துச்சே, அதுவே பெருசு."

கெஞ்சுவார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன்; மறுப்பது எனக்குப் பழக்கம். அவர்களோ அவளை ஏற்கெனவே வழியனுப்பிவிட்டார்கள், ஒரு குறையும் சொல்லாமல்.

என் முறை வந்தபோது லாரிக் குழாயில் நீர் நூலாகிவிட்டது. குடம் பாதியோடு நின்றது. அவ்வளவுதான் என்று தூக்கப் போனேன். பேச்சியம்மாள் கையைக் காட்டினார். "இருங்கய்யா. எங்க போறீக?"

நிறைத்துக்கொண்டு புறப்பட்டவர்கள் நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து, இடுப்புக் குடத்தைச் சாய்த்து, என் குடத்தில் ஒரு செம்பளவு ஊற்றிவிட்டுப் போனார்கள். கடைசியில் வரும் குடத்தைக் குறையாக அனுப்புவதில்லை என்பது அந்தத் தெருவின் முறையாம். நேற்று வேல்தாயைக் கடிந்து பேசியவளும் ஊற்றினாள். ஊற்றும்போது, "இதுல குளிச்சிராதீக" என்றாள்.

பொதுவாழ்வில் எனக்குச் சால்வைகள் பல போர்த்தியிருக்கிறார்கள். ஏற்புரையில் நன்றி கூறியிருக்கிறேன். அங்கே, விளிம்பு வரை ஏறிய அந்த நீரின் முன் கை கூப்பினேன். குடத்தைத் தோளில் ஏற்றினேன். சட்டை முழுவதும் நனைந்தது. "இடுப்புல வைங்கய்யா" என்றாள் ஒருத்தி. "அவுகளுக்கு இடுப்பு எங்கன இருக்கு, வயிறுல்ல இருக்கு" என்றாள் மற்றொருத்தி. சிந்தியது போக மீதியை வீடு சேர்த்தேன். வேல்தாய் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். நானே கட்டினேன்.

"எனக்காக நீங்கள் பேச்சுக் கேட்டிருக்க வேண்டாம்" என்றேன்.

"அதுக்கென்னய்யா. எங்க பேச்சு இங்கனதான கெடக்கப் போவுது, நாளைக்கே சரியாப்போவும். நீங்க ஒரு நா வந்து போறவுக. கெட்ட பேரோட போகலாமா?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அன்று மதியம், உணவுக்குப் பின் திலகவதி தானே பேச்சைத் தொடங்கினாள்.

"அப்பா, நான் வரலை. உங்களை நேர்ல பார்த்துச் சொல்லணும்னுதான் போன்ல சொல்லலை. இங்க இன்னும் நாலு தெருவுல குடம் வைக்கல. வைக்கவே ஒரு வருஷம் சண்டை போட வேண்டியிருக்கும். ஆனா நீங்க ஊர் முழுக்கச் சொல்லிட்டீங்கன்னு அம்மா சொன்னா. அதான் எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமே இல்லை."

ஒப்பித்து வைத்திருந்த காரணங்கள் என்னிடம் நிறைய இருந்தன. அச்சமும் இருந்தது, அது இன்று வரை போகவில்லை. ஆனால் என் பெயருக்காக அவள் இரண்டு நாளாகத் தூங்காமலிருந்தாள் என்பதைக் கேட்ட பின் அந்தக் காரணங்களை எடுக்கக் கை வரவில்லை.

"ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உன் தெருவைப் பார்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன் எப்போது அப்படிப் பிடித்தாள் என்று எனக்கு நினைவில்லை.

அடுத்த நாள் புறப்பட்டேன். ஏறும் முன் ஒவ்வொரு வண்டியிலும் வழி கேட்டேன். கேட்ட இடமெல்லாம் வழியோடு சேர்த்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மழை உண்டா என்ற விசாரிப்பும் கிடைத்தது. ஒருவர் சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தை நீட்டினார், எடுத்துக்கொண்டேன். இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு பயணம் செய்து எவ்வளவை இழந்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

விருதுநகர்ச் சந்திப்பில் ரயிலுக்கு நேரம் இருந்தது. நிலையத்துக்கு வெளியே ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து என் மாணவரை அழைத்தேன்.

"சார், திலகவதி எப்ப வந்து சேர்றாங்க? இன்னிக்கே பேரை அனுப்பிடறேன்."

"வேண்டாம், தம்பி. அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். திலகவதிக்கு இங்கே வேலை இருக்கிறது."

மறுமுனையில் தயக்கம் தெரிந்தது. அவருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களே. இப்ப என்ன சொல்வீங்க?"

கடைக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ரயில் வருவதை அறிவித்தார்கள்.

"கேட்காமல் சொல்லிவிட்டேன், இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்வேன்" என்றேன்.